பனி விழாத நாளிலும் வழுக்கும் டயர்

ஸ்போர்ட்டி கார் வைத்திருப்பவரிடம் குதிரைத்திறன் எவ்வளவு, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார். காரோடு வந்த டயர் எந்த வகை என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். வெயில் காலத்தில் டெலிவரி எடுத்த கார். நாலைந்து மாதம் கழித்து, குளிர் இறங்கிய ஒரு காலையில், முதல் திருப்பத்திலேயே பின்பக்கம் லேசாக விலகும்போதுதான் கேள்வி எழும். பனியும் இல்லை, மழையும் இல்லை, ரோடு காய்ந்து கிடக்கிறது. அப்புறம் ஏன் வழுக்குகிறது?

காரணம் ரப்பர். நிறைய ஸ்போர்ட்டி கார்கள் தொழிற்சாலையிலிருந்தே கோடைக்கால டயரோடுதான் வெளியே வருகின்றன. அதன் ரப்பர் கலவை சூடான ரோட்டைப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. எந்த ரப்பரையும் குளிர வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நெகிழ்வு போய்க் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். கோடைக்கால டயர் அந்தக் கட்டத்தை நோக்கிச் சீக்கிரமே நகரத் தொடங்கிவிடுகிறது. ரோடு நம் கண்ணுக்குத்தான் சமதளம். கிட்டத்தில் பார்த்தால் எல்லாம் மேடும் பள்ளமுமான கல். இளகிய ரப்பர் அந்தச் சின்னப் பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்து, விட்டு, அடுத்ததைப் பிடிக்கும். கிரிப் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த வேலைதான். விறைத்த ரப்பர் மேடுகளின் நுனியில் மட்டும் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு போகும்.

சந்தேகமிருந்தால் வெயில் நாளில் ஒருமுறை, உறைநிலையை ஒட்டிய காலையில் ஒருமுறை, நிற்கிற வண்டியின் டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். முதல் தடவை நகம் லேசாக உள்ளே போகும். இரண்டாம் தடவை பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது போலிருக்கும்.

இந்த மாற்றத்துக்கு டயர் துறையில் வழக்கமாகச் சொல்லும் எண் 7 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் கோடைக்கால டயர், கீழே போனால் குளிர்கால டயர். இதைக் கோடு கிழித்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். 8 டிகிரியில் நன்றாக இருந்த டயர் 6 டிகிரியில் கைவிட்டுவிடாது. காய்ந்த ரோட்டில் நல்ல கோடைக்கால டயர் அதற்குக் கீழேயும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு டயர் எவ்வளவுக்கெவ்வளவு ஸ்போர்ட்டியோ அவ்வளவுக்கவ்வளவு இந்தச் சரிவு செங்குத்தாகிறது. ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரியான டயர்கள், சாதாரணக் குடும்பக் காரின் கோடைக்கால டயரைவிட முன்னதாகவே விறைத்துப்போகும். இப்படிப்பட்ட டயர்களைக் கடுங்குளிரில் உருட்டினால் டிரெட்டில், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் பகுதியில், வெடிப்பு விழலாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். பரவலாகச் சொல்லப்படும் எல்லை -7 டிகிரி. வேகமாக ஓட்டவேண்டும் என்றுகூட இல்லை, கராஜிலிருந்து வெளியே எடுத்து நிறுத்துவதே போதும். ஆகவே ஸ்போர்ட்டி காருக்குக் குளிர்கால டயர் என்பது பனியைப் பற்றிய கேள்வியாவதற்கு முன்பே வெப்பநிலையைப் பற்றிய கேள்வி.

பனி என்று சொல்லும்போது தமிழில் ஒரு சிக்கல். புல்நுனியில் நிற்கும் துளியும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, ரோட்டில் கண்ணாடியாக உறைந்து கிடப்பதும் பனி. டயருக்கு இவை வேறு வேறு எதிரிகள். விழுந்து படிவதைப் பனி என்றும், உறைந்த தண்ணீரை ஐஸ் என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

பனியை உருட்டிப் பந்து பிடித்தவர்களுக்குத் தெரியும்: பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும். குளிர்கால டயர் நம்பியிருப்பது இதைத்தான். டிரெட்டின் ஒவ்வொரு கட்டையிலும், பேச்சில் பட்டன் என்கிறோமே அதில், பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் வரிசையாக இருக்கும். இவற்றுக்கு சைப் என்று பெயர். ஜான் சைப் என்பவர் 1923-ல் பெற்ற காப்புரிமையிலிருந்து வந்த பெயர். ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தன் செருப்படியைக் கீறிக்கொண்டதிலிருந்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதையும் உண்டு. டயர் உருளும்போது இந்த வெட்டுகள் விரிந்து பனியைக் கவ்வி உள்ளே அடைத்துக்கொள்கின்றன; அடைந்த பனி ரோட்டிலிருக்கும் பனியைப் பிடிக்கிறது. டயரில் பனி அப்பிக்கொண்டிருக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம், அது வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஐஸ் கதை வேறு. ஐஸின் மேல் மிக மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். வழுக்குவது அதனால்தான். விசித்திரம் என்னவென்றால், -20 டிகிரி ஐஸைவிட 0 டிகிரியை ஒட்டிய ஐஸ்தான் மோசம், ஏனென்றால் அங்கே தண்ணீர் அதிகம். மதியம் உருகி மாலையில் மறுபடி உறையும் நாட்களை ஓட்டுநர்கள் வெறுப்பது இதனால்தான். இந்தப் படலத்தை எப்படி விலக்குவது? பழைய வழி, இரும்பு ஆணி பதித்த டயர். அது ரோட்டையும் அரைக்கும், காற்றிலும் தூசியைக் கிளப்பும். ஜப்பானில் அந்தத் தூசித் தொல்லை பெரிதாகி, 1990-ல் ஆணி டயருக்கு எதிராகச் சட்டமே வந்தது. அதற்குச் சற்று முன், 1988-ல் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக் என்ற ஆணியில்லா டயரைக் கொண்டுவந்திருந்தது. அதன் ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஸ்பாஞ்ச் போல நீர்ப்படலத்தை உறிஞ்சி ரப்பரை ஐஸோடு தொட வைப்பது அவற்றின் வேலை. டயர் தேயத் தேயப் புதுத் துளைகள் வெளியே வரும்.

ஆக, குளிர்கால டயர் என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு குணம் இருக்கிறது. ஒன்று, ஐஸுக்கும் கடும் பனிக்கும் செய்த, ரொம்ப மென்மையான ரப்பர். பிளிஸாக், மிஷ்லின் எக்ஸ்-ஐஸ், நோக்கியனின் ஆணியில்லா ஹக்காபெலிட்டா எல்லாம் இந்தச் சாதி. இன்னொன்று, நன்றாகப் பனி வாரிச் சுத்தம் செய்யப்படும் நெடுஞ்சாலைகளில் வேகமாகப் போகிறவர்களுக்குச் செய்தது: மிஷ்லின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோஸீரோ போன்றவை. இதில் பட்டன்கள் கொஞ்சம் விறைப்பு, வெட்டுகளின் உட்சுவர்கள் நெளிநெளியாக இருக்கும். திருப்பத்தில் பாரம் ஏறும்போது அந்த நெளிவுகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு பட்டன் வளைவதைத் தடுக்கும்.

ஸ்போர்ட்டி கார் வைத்திருப்பவர் முடிவெடுக்க வேண்டிய முதல் இடம் இதுதான், இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் வகையைப் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போலிருக்கும். உயரமான, மென்மையான, ஆயிரம் கீறல் விழுந்த பட்டன்கள் முதலில் தாங்கள் வளைந்துவிட்டு அப்புறம்தான் காரைத் திருப்பும். காய்ந்த ரோட்டில் இது எரிச்சல். ஐஸ் படிந்த சரிவில் இதே டயர் தெய்வம். பனி வாரும் வண்டி காலையிலேயே வந்துவிடும் ஊரென்றால் இரண்டாம் வகை. மார்ச் வரை ரோடு வெள்ளையாகவே கிடக்கும் ஊரென்றால் முதல் வகை. ஸ்போர்ட்ஸ் கார் என்பதற்காக ஐஸ் ஊரில் இரண்டாம் வகையைப் போட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை.

இனி ஆல்-சீசன். 1977-ல் குட்இயர் டியம்போ அமெரிக்காவில் வந்ததிலிருந்து வருடம் முழுக்க ஒரே டயர் என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இதை ஒரே அடியாகத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஆல்-சீசன் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு டயர்கள் விற்கின்றன. அமெரிக்கச் சந்தையில் ஸ்போர்ட்டி கார்களுக்கென்று வரும் ஆல்-சீசன், அடிப்படையில் குளிரிலும் விறைக்காத ஒரு கோடைக்கால டயர். ஐரோப்பாவில் மிஷ்லின் கிராஸ்கிளைமேட் 2015-ல் வந்த பிறகு பெருகியது, வெயிலிலும் இளகிப்போகாத ஒரு குளிர்கால டயர். முதலாவது காய்ந்த, ஈர ரோட்டில் கூர்மையாக இருக்கும், பனியில் ஒப்புக்கு இருக்கும். இரண்டாவது பனியில் மரியாதையாக நடந்துகொள்ளும், ஆனால் வெயில் நாளில் ஸ்டியரிங்கின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும்.

கடையில் நின்றுகொண்டு இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? டயரின் பக்கச்சுவரைப் பாருங்கள். எம்+எஸ் என்று மட்டும் இருந்தால் சேறும் பனியும் என்று பொருள். டிரெட்டின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளும் எழுத்து அது, பனியில் ஓட்டிப் பார்த்ததற்குச் சான்று இல்லை. மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் இருந்தால் அது சோதனையில் தேறிய டயர். 1999-ல் வட அமெரிக்க டயர் துறை கொண்டுவந்த சின்னம். இறுகிய பனியில் ஒப்பீட்டு டயர் ஒன்றைவிட ஏறக்குறைய 10 சதவீதமாவது கூடுதல் இழுவை காட்டவேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல், குளிர்காலச் சாலையில் இந்த மலைச் சின்னமுள்ள டயர்தான் செல்லும், வெறும் எம்+எஸ் போதாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஸ்போர்ட்டி கார் என்று சலுகையெல்லாம் கிடையாது.

அந்தச் சின்னத்தையும் ரொம்ப நம்பிவிட வேண்டாம். அது இறுகிய பனியில் பாஸ் மார்க் வாங்கியதற்கு அடையாளம், அவ்வளவுதான். 35 மார்க்கும் பாஸ், 95 மார்க்கும் பாஸ். ஐஸில் எப்படி நிற்கும் என்று அது சொல்வதே இல்லை. அதற்காகவே 2021 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் லேபிளில் ஐஸ் பிடிப்புக்குத் தனிக் குறி சேர்ந்திருக்கிறது.

மார்க் வித்தியாசம் ரோட்டில் எப்படித் தெரியும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கார்கள் அருகருகே 50 கிலோமீட்டர் வேகத்தில் இறுகிய பனியில் வருகின்றன, ஒரே கணத்தில் பிரேக் அழுத்துகிறார்கள். ஒரு டயரின் உராய்வு 0.3, இன்னொன்று 0.2 என்று வைத்துக்கொள்வோம். முதல் கார் 33 மீட்டரில் நிற்கும். இரண்டாவதற்கு 49 மீட்டர் வேண்டும். 16 மீட்டர் வித்தியாசம் என்பது பேப்பரில் பெரிதாகத் தோன்றாது. வேறு மாதிரி கேளுங்கள்: முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் வேகம் என்ன? கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். முன்னால் ஒரு வண்டி நிற்கிறது என்றால் அந்த வேகத்தில்தான் போய் இடிக்கும். காய்ந்த ரோட்டில் இதே கார் 11 மீட்டரில் நின்றிருக்கும்.

இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்கும் வரவில்லை, எத்தனை சக்கரத்துக்கு எஞ்சின் சக்தி போகிறது என்பதும் வரவில்லை. எனக்கு ஆல்-வீல் டிரைவ் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டவேண்டும். ஆல்-வீல் டிரைவ் கிளம்ப உதவும். பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சொல்லப்போனால் ஆல்-வீல் டிரைவ் ஒரு விதத்தில் ஏமாற்றும்: வழுக்காமல் சட்டென்று வேகமெடுப்பதால் ரோடு எவ்வளவு மோசம் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகும், முதல் பிரேக்கில்தான் தெரியும். பின்சக்கர இழுவைக் கார் அந்த வகையில் நேர்மையானது. கிளம்பும்போதே ஆட்டிக் காட்டிவிடும்.

ஸ்போர்ட்டி காருக்கென்று தனியாக இருக்கும் பெரிய விஷயம் அளவு. அகலமான டயர், பெரிய ரிம், மெல்லிய பக்கச்சுவர் எல்லாம் வெயிலில் அழகு, திருப்பத்தில் பலம். பனியில் அகலமான டயர் கப்பலின் தட்டையான மூக்கு மாதிரி பனியைத் தள்ளிக்கொண்டு போகும். குறுகிய டயர் அதை வெட்டிக்கொண்டு அடியில் இறங்கும். அதனால் குளிர்காலத்துக்கு ஓர் அளவு சின்ன ரிம் வாங்குவது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, ஆர்-க்குப் பின் வருவது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். உதாரணத்துக்கு 225/40 ஆர்18 டயரின் மொத்த விட்டம் சுமார் 637 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 634. 205/55 ஆர்16 போட்டால் 632. வெளி விட்டம் ஏறக்குறைய மாறவில்லை, ஆகவே ஸ்பீடோமீட்டர் குழம்பாது. குறைந்த ரிம்முக்குப் பதிலாக ரப்பர் சுவர் உயர்ந்திருக்கிறது. உறைந்து வெடித்த ரோட்டுப் பள்ளத்தில் சக்கரம் விழும்போது அந்தச் சுவர்தான் அலாய் வீலைக் காப்பாற்றும். சின்ன அளவு டயர் பெரும்பாலும் விலையும் குறைவு, கூடவே நல்ல அலாய் வீல்கள், பனியை உருக்க ரோட்டில் தூவும் உப்பின் கரைசலில் ஊறாமல் பத்திரமாக வீட்டில் இருக்கும்.

எவ்வளவு சின்னதாகப் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பிரேக். ஸ்போர்ட்டி காரின் பெரிய பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும் 16 அங்குல ரிம்முக்குள் நுழையாமல் போகலாம். காரின் கையேட்டிலேயே குளிர்காலத்துக்கு அனுமதித்த அளவுகள் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்க்காமல் ரிம் வாங்கிவிட்டு வந்து, பிரேக்கில் இடிக்கிறதே என்று வருந்திப் பயனில்லை. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் பாரக் குறியீட்டையும் குறைக்கக் கூடாது. வேகக் குறியீட்டில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கோடையில் 300 கிலோமீட்டருக்கான ஒய் இருந்த இடத்தில், குளிர்காலத்தில் 240-க்கான வி அல்லது 210-க்கான எச் வருவது சகஜம். அப்போது அந்த வேகத்துக்குள் ஓட்டவேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும். பனிக்காலத்தில் 210-க்கு மேல் ஓட்டவேண்டிய அவசரம் யாருக்கு என்பது வேறு விஷயம்.

முன்னால் குறுகலும் பின்னால் அகலமுமாக இரு அளவு டயர் போட்ட கார்களுக்கு, கையேடு அனுமதித்தால், குளிர்காலத்தில் நாலும் ஒரே அளவாகப் போடுவது நல்லது. தேய்மானம் சமமாகும்படி முன்பின் மாற்றிப் போடலாம். ஒரே அளவு நாலு டயர் என்பதையும் தாண்டி, நாலும் ஒரே வகையாக இருந்தே ஆகவேண்டும். இழுக்கிற சக்கரத்துக்கு மட்டும் இரண்டு குளிர்கால டயர் போட்டால் போதாதா என்று மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. முன்சக்கர இழுவைக் காரில் முன்னால் மட்டும் போட்டால், திருப்பத்தில் மூக்கு பிடித்துக்கொள்ளும், வால் பிடிக்காது, கார் சுற்றிவிடும். எல்லாவற்றையும்விட ஆபத்தான சிக்கனம் இது. யானை வாங்கப் பணம் இருக்கிறது, அங்குசத்துக்குப் பேரமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

சரி, முடிவாக எதைப் போடுவது? பலர் தங்கள் ஊரின் சராசரிக் குளிர்காலத்தை நினைத்து முடிவெடுக்கிறார்கள். என் கணக்கு வேறு. வீட்டிலேயே இருந்துவிட முடியாத, வண்டியை எடுத்தே ஆகவேண்டிய நாட்களில் மிக மோசமான நாளை நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் ரோடு வெறும் குளிராக, ஈரமாக மட்டும்தான் இருக்கும் என்றால், ஸ்போர்ட்டி ஆல்-சீசன் டயர் நல்ல தேர்வு. அந்த நாளில் லேசான பனி இருக்கும், ஆனால் வருடத்தில் சில நாட்கள்தான் என்றால், மலைச் சின்னமுள்ள ஆல்-சீசன். வாரக்கணக்கில் பனியோ ஐஸோ என்றால் இரண்டு செட், கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. ஸ்போர்ட்டி காருக்கு நான் எப்போதும் சாய்வது இந்த மூன்றாவது பக்கம்தான். ஆல்-சீசன் போட்டவர் வருடத்தின் மிச்ச எட்டு மாதமும் தான் ஆசைப்பட்டு வாங்கிய கூர்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஓட்டுகிறார். இரண்டு செட் என்றால் இரட்டைச் செலவு என்பதும் பாதி உண்மை. ஒன்று ஓடும்போது இன்னொன்று தேயாது. கூடுதலாக ஆவது ரிம்களும், மாற்றிப் போடும் கூலியும், வைக்க இடமும்தான்.

டயர் எத்தனை நல்லதானாலும் தேய்ந்துவிட்டால் பெயர் மட்டும்தான் மிச்சம். பல நாடுகளில் சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் டிரெட் இருந்தால் போதும், ஆனால் பனியில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குளிர்கால டயருக்கு வேலையில்லை. ஆஸ்திரியாவில் அந்த 4 மில்லிமீட்டர் சட்டமாகவே இருக்கிறது. இதைக் கண்ணால் காட்டும் ஒரு அழகான ஏற்பாடு கான்டினென்டலின் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் என்ற ஆல்-சீசன் டயரில் உண்டு. டிரெட்டிலேயே டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகள் பதித்திருக்கும்: காய்ந்த ரோடு, ஈர ரோடு, பனி. தேயத் தேய முதலில் எஸ் அழியும். அன்றிலிருந்து அது பனிக்கு லாயக்கில்லை. அப்புறம் டபிள்யூ. கடைசியில் டி மட்டும் நிற்கும் டயரை ஆல்-சீசன் என்று கூப்பிடுவது வேடிக்கை.

காற்றையும் மறக்கக் கூடாது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1.5 முதல் 2 பிஎஸ்ஐ குறையும். மெல்லிய பக்கச்சுவருள்ள டயரில் அந்தக் குறைவு ஒரு பள்ளத்தில் ரிம்மை வளைக்கப் போதும். முதல் குளிர் காலையில் டேஷ்போர்டில் எரியும் காற்றழுத்த விளக்கைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது குளிர்தான்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 3423 என்றால் 2023-ம் ஆண்டின் 34-ம் வாரம் செய்தது. ரப்பர் ஓடாமலே முதுமை அடையும், குளிர்கால டயருக்கு அந்த மென்மைதான் முதலீடு.

குளிர்காலம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். காலையிலும் 7 டிகிரிக்கு மேலேயே நிற்க ஆரம்பித்துவிட்டால் சோம்பலாக இன்னும் ஒரு மாதம் ஓட்டுவதில் லாபமில்லை. வெயில் ரோட்டில் அந்த மென்மையான ரப்பர் அழிரப்பர் மாதிரி கரையும், பிரேக் தூரமும் கூடும். கழற்றும்போது ஒவ்வொரு டயரிலும் எந்தப் பக்கச் சக்கரம் என்று சாக்பீஸால் எழுதி, ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ரிம் இல்லாவிட்டால் நிமிர்த்தி நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மாற்றிப் போட்ட சக்கரங்களின் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள்.